கோலுக்குப் பின்னால் நின்ற அக்கா

அக்கா முதன்முதலாக எங்கள் மைதானத்துக்கு வந்தது சண்டை பிடிக்கத்தான். அப்போது நான் உதைபந்தாட்டக் கழகத்தில் சேரவில்லை. என் நண்பன் ரிஸ்வி சொல்லித்தான் தெரியும்.

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் மைதானத்தை ஒட்டி ஒரு தொடர்மாடி இருக்கிறது. அதில் மூன்றாம் மாடியில் அக்காவின் வீடு. ஒரு சனிக்கிழமை பின்னேரம், கோலை நோக்கி உதைத்த பந்து திசைமாறி உயர எழும்பி, அவருடைய குசினி யன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், ஆற வைத்திருந்த பாலுக்குள் விழுந்திருக்கிறது. கழகத்தில் இருந்த மற்றப் பந்துக்குக் காற்று நிற்காது. ஆட்டம் நின்றுவிட்டது. இருபத்திரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்க, பால் சொட்டும் பந்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அக்கா இறங்கி வந்தாராம்.

"ஆர் அடிச்சது?"

எல்லோரும் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்களாம்.

"ஏழாம் நம்பர்தான். நான் யன்னலால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். சொல்லுறீங்களோ எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

பந்தைக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. இனி அது மேலே வராமல் இருக்கிறதா என்று நின்று பார்க்கப்போவதாகச் சொல்லி, கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். அன்று எங்கள் கழகம் வென்றது. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். நான் அணியில் சேர்ந்தபோது அவர் அங்கே நிற்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்காவது வாசித்துவிட்டு, எழுத்துக்கூட்டல் பிழை என்று செய்தி அனுப்புவார். கழகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஓய்வு பெற்றபின் வத்தளையில் தங்கையின் வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டார். நான் சொல்லும் காலத்தில் ஒரு தபால் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தார். மெலிந்த தேகம், தோளில் ஒரு கறுப்புப் பை, வெயிலானாலும் மழையானாலும் விரிக்காமல் கையில் பிடித்திருக்கும் ஒரு குடை. எங்கள் ஆட்டம் எங்கே நடந்தாலும் எதிரணியின் கோலுக்குப் பின்னால்தான் நிற்பார். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது அவரும் மாறுவார்.

"ஏனக்கா எங்கட பக்கம் நிக்கிறேல்ல?" என்று ஒருதடவை கேட்டேன்.

"நீங்கள் கோல் வாங்கிறதைக் கிட்ட நிண்டு பாத்து நான் என்ன செய்ய? நீங்கள் அடிக்கிறதைத்தான் பாக்கோணும்."

நாங்கள் அடிப்பது குறைவு. அதனால் அவர் நிறைய நேரம் சும்மா நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எதிரணிக் கீப்பரோடு கதைப்பார். கொழும்பில் எந்தக் கீப்பருக்கு முழங்காலில் நோ, எவருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, எவர் வேலை மாறப் போகிறார் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். எங்களுக்குத் தேவையானது அவர்களுடைய முழங்கால் விபரம்தான். ஆனால் அதை ஆட்டத்துக்கு முன்னால் கேட்டால் சொல்ல மாட்டார். "அவன் என்னை நம்பிச் சொன்னது" என்பார்.

தன் கண்ணால் கண்டது எதுவோ அதைச் சொல்லிவிடுவார். அதுதான் அவருடைய குணம். கோபத்தில் சொல்வதில்லை, குத்திக்காட்டச் சொல்வதுமில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொல்வார்.

எங்களுக்குப் புதுச் சீருடை வந்த நாளை மறக்க முடியாது. செயலாளர் பெரேரா அங்கிள் ஒரு புடைவைக் கடைக்காரரைப் பிடித்து அதை வாங்கியிருந்தார். நெஞ்சில் தமிழிலும் சிங்களத்திலும் கழகத்தின் பெயர். கடைக்காரர் மாலையோடு வந்து நிற்க, நாங்கள் புதுச் சீருடையில் வரிசையாக நிற்க, படம் எடுத்தார்கள். அக்கா குடையை ஊன்றிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நிறம் நல்லாயிருக்கு," என்றார். "துணியும் நல்லம். ஆனா உதைபந்தாட்டக் கலகம் எண்டு அடிச்சிருக்கு. கழகம் எண்டெல்லோ வரோணும்."

நாங்கள் குனிந்து எங்கள் நெஞ்சைப் பார்த்தோம். தலைகீழாக வாசிக்கச் சிறிது நேரம் எடுத்தது. பெரேரா அங்கிளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர் எங்கள் முகங்களைப் பார்த்து விஷயத்தை ஊகித்துக்கொண்டார். வேறு சீருடை அடிக்க வழியில்லாததால் அந்தப் பருவம் முழுவதும் கலகமாகவே விளையாடினோம். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி விளையாடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ரிஸ்வி சொல்வான்.

ரிஸ்வி எங்கள் தலைவன். புறக்கோட்டையில் நான் வேலை பார்த்த கப்பல் முகவர் கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை. வெள்ளவத்தையிலிருந்து வந்து போகும் என்னை இந்தக் கழகத்தில் சேர்த்துவிட்டவன் அவன்தான். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற நெருக்கடி வருடத்துக்குப் பிறகு எங்கள் அணியில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். கட்டாருக்குச் சிலர், டுபாய்க்குச் சிலர், எங்கள் கீப்பர் ருமேனியாவுக்கு. ஆள் இல்லாத குறைக்கு எனக்கு இடது பின்வரிசையில் நிரந்தர இடம் கிடைத்தது. என் ஆட்டத்தைப் பற்றி அக்கா ஒரேயொரு தடவை கதைத்தார்.

"தம்பி, உமக்கு இடக்கால் எண்டு ஒண்டு இருக்குத்தானே? அதை ஏன் வெள்ளவத்தையில விட்டிட்டு வாறீர்?"

அக்காவின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. ஒருநாளும் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இவ வந்து சொல்லுவா. கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவா. அதைக் கேட்டால் காணும், வெயிலுக்கை போய் நிக்கத் தேவையில்லை" என்றார்.

அக்காவின் இந்தக் குணம் எங்களுக்கு இடைஞ்சலாக வந்தது, நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் ஆபத்தில் இருந்த பருவத்தில். எங்கள் பிரிவுக்குக் கீழே இன்னும் ஒரு பிரிவுதான் இருந்தது. அங்கே போனால் கழகத்தைக் கலைத்துவிடுவார்கள் என்ற கதை அடிபட்டது. ஒவ்வொரு ஆட்டமும் உயிர்ப் பிரச்சினை. அப்படியான ஓர் ஆட்டத்தில், எதிரணிக் கோலின் முன்னால் எங்கள் முன்வரிசைப் பையன் கையால் தட்டிவிட்டுப் பந்தை உள்ளே போட்டான். நடுவர் கவனிக்கவில்லை. நாங்கள் துள்ளிக் குதித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, கையில பட்டதெல்லோ!"

அவனிடம்தான் சொன்னார், நடுவரிடம் அல்ல. ஆனால் மைதானம் முழுக்கக் கேட்டது. பையனின் முகம் போன போக்கைப் பார்த்து நடுவர் கோலை நிராகரித்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. எதிரணித் தலைவன், உயரமான சிங்களப் பையன், போகும்போது அக்காவுக்குக் கைகூப்பிவிட்டுப் போனான். ரிஸ்வி அவரிடம் போய், "அக்கா, நீங்க யாருட ஆள்?" என்று கேட்டான்.

"உங்கட ஆள்தான். அதுக்காக எனக்குக் கண் தெரியாதெண்டு சொல்லுறதோ?"

பருவத்தின் கடைசி ஆட்டமும் அதே அணியோடு வந்தது, எங்கள் மைதானத்தில். வென்றால் பிரிவில் நிலைப்போம். சமநிலையானாலும் இறக்கம். தொடர்மாடியின் பல்கனிகளில் எல்லாம் ஆட்கள். காலையில் பெய்த மழையில் கோல் பக்கங்கள் இரண்டும் சேறு. தொடர்மாடிப் பக்கத்துக் கோலின் வலையில், கம்பத்தை ஒட்டினாற்போல, ஒரு பெரிய கிழிசல். தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து அக்கா அதைத் தைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரேரா அங்கிள் நைலோன் கயிற்றால் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டதோடு சரி.

கோல் விழாமலே நேரம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் எட்டு, பத்து நிமிடம் இருக்கும். ரிஸ்வி எனக்கு இடது ஓரமாக ஒரு பந்தைத் தள்ளிவிட்டான். எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. நான் ஓடினேன். ஓடி, கோலுக்குச் சரிவாக வந்து, இடக்காலால் அடித்தேன். நான் அதுவரைக்கும் ஒரு கோலும் அடித்ததில்லை, பயிற்சியில்கூட. பந்து சேற்றைத் தெறித்துக்கொண்டு போய், கம்பத்துக்கு ஒரு சாண் வெளியே, கிழிசல் வழியாகப் புகுந்து, வலைக்குள் விழுந்து சுழன்றது.

எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. நான் நின்ற கோணத்தில் கம்பத்துக்கும் பந்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி தெரிந்தது. ஆனால் மற்றவர்கள் கண்டது வலைக்குள் கிடந்த பந்தை மட்டுமே. நடுவர் விசில் ஊதி மையத்தைக் காட்டினார். பல்கனிகளில் இருந்தவர்கள் சட்டியையும் மூடியையும் தட்டினார்கள். என் மேல் ஆறு பேர் விழுந்தார்கள். அடியில் கிடந்தபோது என் வாய்க்குள் சேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எழுந்து பார்த்தபோது எதிரணிக் கீப்பர் நடுவரின் கையைப் பிடித்து இழுத்துப்போய் வலையைக் காட்டிக்கொண்டிருந்தான். நடுவர் கிழிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உதவி நடுவரை அழைத்துக் கேட்டார். அவர் மைதானத்தின் மறு ஓரத்தில் நின்றவர், தோளைக் குலுக்கினார். இரண்டு பக்கமும் தள்ளுமுள்ளு தொடங்கியது. அப்போது அந்த உயரமான தலைவன் நடுவரிடம் சொன்னான்: அந்த அக்காவைக் கேளுங்கள், அவர் கோல் என்றால் கோல், நாங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

விதிப் புத்தகத்தில் அப்படியொன்று கிடையாது. ஆனால் நடுவருக்கும் அக்காவைத் தெரியும். அவர் களைத்துப்போய் ரிஸ்வியைப் பார்த்தார். ரிஸ்வி என்ன சொல்ல முடியும்? எங்கள் ஆளையே கேட்கச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று வரும். அவன் தலையாட்டினான். ஆட்டும்போதே அவன் முகம் விழுந்துவிட்டது.

"அக்கே, ஓயா தெக்கத?" என்று நடுவர் சிங்களத்தில் கேட்டார். நீங்கள் கண்டீர்களா?

 நான் அறிந்து அக்கா பதில் சொல்லத் தாமதித்தது அன்றுதான். மேலே பல்கனிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"எலியென் கியே," என்றார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். "வெளியாலதான் போனது. கிழிசலுக்குள்ளால பூந்தது."

நடுவர் கோலை நிராகரித்தார். மிச்ச நேரத்தில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கோலில்லாமல் ஆட்டம் முடிந்தது. நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினோம்.

பெரேரா அங்கிள் அறுபத்தைந்து வயதில் சேற்றுக்குள் நடந்து அக்காவிடம் போனார். "உங்களுக்கு அந்த வாயைக் கடவுள் ஏன் தந்தாரோ!" என்றார்.

"வலையைத் தைக்கச் சொல்லவும் அதே வாயாலதான் சொன்னனான்," என்றார் அக்கா.  சொல்லிவிட்டுத் தொடர்மாடிப் படிகளில் ஏறினார். யாரும் அவரோடு கதைக்கவில்லை. மேலேயிருந்து யாரோ ஏதோ கத்தினார்கள். நான் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் இன்னும் இரண்டாம் மாடித் திருப்பத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சேறு பிடித்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் அந்தப் பக்கம் பாராமல் பஸ்ஸுக்குப் போனேன்.

அந்தக் கிழமை முழுவதும் கந்தோரில் என்னை எல்லோரும் ஆறுதல்படுத்தினார்கள். உன் கோலை அந்த மனுசி கெடுத்துப்போட்டாள் என்று ஒருவர் தேநீர் வாங்கித் தந்தார். அதைக் குடித்தேன். குடித்தபிறகு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, மட்டக்களப்பில் இருக்கும் என் அக்காவுக்குப் பதிவுத் தபால் அனுப்பும் சாட்டில் எங்கள் கழகத்து அக்காவின் தபால் கந்தோருக்குப் போனேன்.

கவுண்டரில் வேறு ஆட்கள் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கடிதத்தை வாங்கி நிறுத்துப் பார்த்தார்.

"அக்கா, அண்டைக்கு நானும் பாத்தனான். வெளியாலதான் போனது."

"தெரியும்," என்றார் முத்திரையைக் கிழித்தபடி.

"எப்பிடி?"

"கோல் அடிச்சவன் ஓடுவான். நீர் அசையாம நிண்டீர். அவங்கள் வந்து விழுந்தபிறகுதான் நீர் விழுந்தனீர்."

 "அதை ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல?"

"பந்து எங்கால போனது எண்டுதானே கேட்டவை. உம்மைப் பற்றி ஆரும் கேக்கேல்லையே."

முத்திரையை ஒட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மூண்டு நாள் நித்திரை இல்லைத் தம்பி. ஒருக்காக் கோல் எண்டு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் எண்டு யோசிச்சனான். சொல்லிப் பாத்தனான், குசினிக்குள்ள, தனிய நிண்டு. வாயில வருதில்லை."

 அவர் கடிதத்தைத் திருப்பி என்னிடம் தள்ளினார்.

"இதில வீட்டு இலக்கம் எழுதேல்ல. எழுதும்."

அரைநாள் லீவு என்றாலும் எங்கள் கந்தோருக்குத் திரும்பிப் போய் அன்றே ரிஸ்வியிடம் சொன்னேன். கண்டேன், கண்டும் பேசாமல் இருந்தேன் என்று. அவன் கணினியில் எதையோ தட்டிக்கொண்டே கேட்டான். "இப்ப வந்து சொல்ற," என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு மத்தியானம் சாப்பிட வரவில்லை. மூன்றாம் கிழமை ஒரு திங்கட்கிழமை, சோற்றுப் பார்சலை என் மேசையில் வைத்துப் பிரித்துக்கொண்டு, "நானா இருந்தாலும் சொல்லி இருக்க மாட்டன்" என்றான். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அதனால் அடுத்த பயிற்சியில் எல்லோருக்கும் சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். பெரேரா அங்கிள் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த நாள் ஊசியும் நூலும் வாங்கிவந்து வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

கழகம் கலையவில்லை. கலைப்பதற்கும் ஒரு கூட்டம் கூட்ட வேண்டும், அதற்கு ஆள் சேரவில்லை என்பதுதான் உண்மை. கீழ்ப் பிரிவில் எங்கள் முதல் ஆட்டம் தெமட்டகொடையில், ரயில் பெட்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்து மைதானமொன்றில் நடந்தது. பன்னிரண்டு பேர்தான் போயிருந்தோம். அக்கா வருவாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தார். ஒருவரையும் பாராமல் நேரே எதிரணிக் கோலுக்குப் பின்னால் போனார். நான் கையசைத்தேன். குடையை இலேசாக உயர்த்தினார்.

முதற் பாதியில் ரிஸ்வி ஒரு பந்தை இழுத்துக்கொண்டு கோல் எல்லைக்குள் போனான். அங்கே இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தான். விழுந்தது சாதாரண விழுகை இல்லை. கையை விரித்து, இரண்டு தரம் புரண்டு, காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். நடுவர் தலையை ஆட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். ரிஸ்வி இடைவேளை வரைக்கும் அவரோடு வாதாடிக்கொண்டே இருந்தான்.

இடைவேளையில் நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அவன் போத்தலைக் கீழே வைத்துவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்தான். அக்காவிடம்தான் போகிறான் என்று தெரிந்தது. அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு அவன் அவரோடு ஒரு சொல் கதைத்ததில்லை. நாங்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனோம்.

ரிஸ்வி அவர் முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அது பெனால்டி தானே?"

"இல்லைத் தம்பி."

"கொஞ்சம் சரி தள்ளினானா இல்லையா?"

"தொடக்கூட இல்லை. நீர் தானாத்தான் விழுந்தனீர்."

 ரிஸ்வி சிரிக்கத் தொடங்கினான். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அக்காவுக்கு என்ன பகிடி என்று விளங்கவில்லை. "ஏன், நான் கண்டதைத்தானே சொன்னனான்" என்றார். அதற்கு இன்னும் சிரித்தோம்.

அன்று இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். திரும்பி வரும்போது கொட்டாஞ்சேனை பஸ்ஸில் பாதி எங்கள் ஆட்கள்தான். ரிஸ்வி நடு வழியில் எழும்பி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் எப்படி விழுந்தான் என்று மற்றவர்களுக்கு நடித்துக் காட்டினான். கொண்டக்டர்கூட டிக்கெட் போடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார். அக்கா யன்னலோர ஆசனத்தில் இருந்தபடி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடி இல்லை," என்றார் கடைசியில். "முதல் கையை விரிச்சனீர். பிறகுதான் விழுந்தனீர். திரும்பச் செய்யும், பாப்பம்."

ரிஸ்வி முதலில் கையை விரித்தான். பிறகு விழுந்தான்.